ரயில்வே கேட் வீதிக்குப் புதுப் பெயர்: வீட்டுக்காரர்களிடம் எப்படிக் கேட்பது?

கேட்வீதிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கோவை மாவட்டத்து நகராட்சி ஒன்றில் எங்கள் வீடு. வீதியின் பெயர் ரயில்வே கேட் வீதி. மேம்பாலம் திறந்த கையோடு கேட்டை நிரந்தரமாக மூடி, தண்டவாளத்தின் இரு பக்கமும் சுவர் வைத்துவிட்டார்கள். தெற்கே மெயின் ரோட்டிலிருந்து வடக்கே மில் ரோடு வரை நேராக ஓடிய வீதி இப்போது இரண்டு முட்டுச்சந்து. ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்கு வண்டியில் போக, வெளியே வந்து பாலம் ஏறி இறங்கிச் சுற்ற வேண்டும். நடப்பவர்களுக்குச் சுரங்கப்பாதை உண்டு. மழை பெய்தால் அதில் முழங்கால் அளவு தண்ணீர்.

கதவு எண் தெற்கே 1-ல் ஆரம்பித்து வடக்கே 83-ல் முடியும். 38-ஆம் எண் வீட்டை அடுத்துச் சுவர். 39 சுவருக்கு அந்தப் பக்கம். புதிதாக வருகிறவர்கள் சுவர் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, "அக்கா, 38 இருக்குதுங்க, அடுத்த வீட்டையே காணோமுங்களே" என்று போன் செய்கிறார்கள். கொரியர், சிலிண்டர் என்றால் பரவாயில்லை, வழி சொல்லிவிடலாம். போன மார்கழியில் எங்கள் எதிர்வீட்டுப் பெரியவருக்கு விடியற்காலையில் நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் டிரைவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, சொன்ன வீதிக்குத்தான் வந்தார். சைரன் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிறது, வண்டி கண்ணில் படவில்லை. நாங்கள் சுவர் மேல் ஏறிக் கத்தி, அவர்கள் பாலம் சுற்றி வந்தார்கள். பெரியவர் பிழைத்துவிட்டார். அன்றிலிருந்துதான் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்ற பேச்சு வலுத்தது.

இந்த நேரத்தில் எங்கள் வார்டு கவுன்சிலர் ஒரு பெயரோடு வந்திருக்கிறார். மறைந்த தலைவர் ஒருவர் பெயர். அவர் மேல் எங்கள் எல்லோருக்கும் மரியாதை உண்டு, அதில் பேச்சே இல்லை. ஆனால் வடக்கு, தெற்கு இரண்டு துண்டுக்கும், பாலத்தின் அணுகு சாலைக்கும் சேர்த்து அந்த ஒரே பெயர் என்கிறார். 38-க்கும் 39-க்கும் நடுவே சுவர் அப்படியே நிற்கும், வீதிக்கு ஒரே பெயர்தான் இருக்கும். ஆம்புலன்ஸ் மறுபடியும் அந்தப் பக்கம்தான் போய் நிற்கும். ஆதார், கேஸ், பேங்க் என்று காகிதங்களை மாற்றும் அலைச்சல் மட்டும் எங்கள் தலையில் விழும். அடுத்த மன்றக் கூட்டத்திலேயே தீர்மானம் வைக்கப் போவதாகப் பேச்சு. வீதியில் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறேன். பாக்கெட்டில் தயாரிப்பாளரின் முழு முகவரி அச்சாகியிருக்க வேண்டும். அச்சடித்த பை கொஞ்சமாகக் கிடைக்காது, மூட்டைக் கணக்கில்தான் அடித்துத் தருவார்கள். எனக்கு இருக்கும் கவலை மாதிரியே ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

எல்லா வீட்டுக்காரர்களையும் உட்கார வைத்துப் பேசி, ஒரு முடிவோடு நகராட்சிக்குப் போகலாம் என்று சிலர் சேர்ந்திருக்கிறோம். அங்கேதான் சிக்கல். வீட்டுக்காரர் என்றால் யார்? நான்கு வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் சென்னையில், ஒருவர் துபாயில். வடக்கு முனையில் இருக்கும் பழைய பருத்திக் கிட்டங்கிக்கு வாரிசுகள் பலர், பாகம் பிரியவில்லை. கோயில் இடம் ஒன்று இருக்கிறது. கிழக்கு வரிசையில் சில வீடுகளின் பின்பக்கத்தைப் பாலத்துக்காக எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வாசலையே பின்னால் அணுகு சாலைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள். இப்போது அவர்கள் எந்த வீதி? ஒரே கட்டடத்தில் மூன்று வரி ரசீது இருந்தால் அது ஒரு கையெழுத்தா, மூன்றா?

பெயர் மாற்றினால் பத்திரம், பட்டாவுக்கு ஏதாவது ஆகுமா என்று வயதானவர்கள் பயப்படுகிறார்கள். கேட் வீதி வடக்கு, கேட் வீதி தெற்கு என்று வைத்தால் போதாதா என்கிறவர்களும் இருக்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தபால்பை:

அம்மா, நான் கரூர் பக்கம் போஸ்ட்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வடக்கு, தெற்கு வேண்டாம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எழுதும்போது ஜனங்கள் அந்த வார்த்தையை விட்டுவிடுவார்கள். "கேட் வீதி, 52" என்று மட்டும்தான் கவரில் இருக்கும். என் பீட்டில், அதாவது நான் தபால் கொடுத்துவந்த பகுதியில், மேற்கு, கிழக்கு என்று பிரித்த தெரு ஒன்று இருந்தது. பத்துக் கடிதத்தில் பாதிக்கு மேல் திசையே இருக்காது. எனக்கு ஆளைத் தெரியும், கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். நான் லீவு போட்ட நாளில் மாற்று ஆள் என்ன செய்வார்? கதவில்லாத எண்ணைத் தேடிவிட்டு "முகவரி இல்லை" என்று எழுதித் திருப்பிவிடுவார். பின்கோடு இருக்கிறதே என்பார்கள். ஆறு இலக்கமும் சேர்ந்து கடிதத்தைப் பட்டுவாடா செய்யும் தபால் நிலையம் வரை கொண்டுவந்து சேர்க்கும். அங்கிருந்து வாசல் வரை வழிகாட்டுவது வீதிப் பெயரும் கதவு எண்ணும்தான். 2025-ல் தபால் துறை டிஜிபின் என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறது. ஏறக்குறைய நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டமாக நாட்டையே பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எழுத்தில் ஒரு குறியீடு. நல்ல விஷயம்தான். ஆனால் நெஞ்சுவலி வந்த வீட்டில் யார் அதைப் பார்த்துச் சொல்லப் போகிறார்கள்?

அதனால் இரண்டு துண்டுக்கும் இரண்டு தனிப் பெயர் வேண்டும். வண்டி எங்கே வரை நிற்காமல் போகுமோ அங்கே வரை ஒரு பெயர். சுவர் வந்தால் பெயரும் முடிந்துவிட வேண்டும். நீங்கள் கூட்டம் போட்டால் முதலில் இதைப் பேசி முடியுங்கள். எங்கிருந்து எங்கே வரை என்று தீர்மானிக்காமல் என்ன பெயர் என்று ஆரம்பித்தால், அந்தத் தலைவரா இந்தத் தலைவரா என்று போய்ச் சண்டையில் முடியும்.

இரண்டு பெயரும் போனில் கேட்டால் ஒன்றுபோல் ஒலிக்கக் கூடாது. பதற்றத்தில் சொல்கிறவருக்கும் இரைச்சலில் கேட்கிறவருக்கும் பிரித்துத் தெரிய வேண்டும். இன்னொன்று, கவுன்சிலர் சொல்லும் பெயர் உங்கள் பின்கோடுக்குள் ஏற்கெனவே எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். காந்தி வீதி, நேரு வீதி, காமராஜர் நகர், அண்ணா நகர் இல்லாத ஊர் நம்மிடம் இல்லை. ஒரே தலைவர் பெயரில் வீதி, நகர், குறுக்குச் சந்து மூன்றும் ஒரே பீட்டில் இருந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தலைவருக்கும் அதனால் பெருமை கூடுவதில்லை.

பழைய பெயரை உடனே தூக்கிவிடாதீர்கள். புதுப் பெயர்ப் பலகையிலேயே கீழே சின்ன எழுத்தில் "பழைய ரயில்வே கேட் வீதி" என்று போடச் சொல்லிக் கேளுங்கள். சென்னையில் மவுன்ட் ரோடு அண்ணா சாலையாகி எத்தனை வருஷம்! இன்னும் மவுன்ட் ரோடு என்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓ.எம்.ஆருக்கு ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்தது 2008-ல். எத்தனை பேர் அப்படிச் சொல்கிறார்கள்? கோவையிலேயே திவான் பகதூர் சாலை என்று கேட்டால் யோசிப்பார்கள், டி.பி. ரோடு என்றால் உடனே கை காட்டுவார்கள். பெயர் மாறியதும் உங்கள் தபால் நிலையத்துக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். நகராட்சி சொல்லிக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள்.

நான்கெல்லை:

ஈரோட்டில் பத்திர எழுத்தராக இருக்கிறேன். சொத்து பற்றிய பயத்துக்கு மட்டும் பதில்.

சகோதரி, வீதிப் பெயர் மாறினால் யாருடைய உரிமையும் மாறாது. பட்டா சர்வே எண்ணை வைத்து இருக்கிறது, நகரமாக இருந்தால் நகர நில அளவை எண், பிளாக், வார்டு. வில்லங்கச் சான்றும் அப்படியே. பழைய பத்திரத்தில் நான்கெல்லையில் "மேற்கு: ரயில்வே கேட் வீதி" என்று இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அதைத் திருத்த வேண்டியதே இல்லை. நாளைக்கு விற்கும்போது "முன்பு ரயில்வே கேட் வீதி என வழங்கி, தற்போது இன்ன வீதி என வழங்கும்" என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. பத்திரத்தைத் திருத்த வேண்டும் என்று சொல்லி வயதானவர்களிடம் பத்தாயிரம், இருபதாயிரம் கேட்டுக்கொண்டு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஆனால் யாரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச மதிப்பு. நகரங்களில் பதிவுத்துறை அதைத் தெருவாரியாகவும் வைத்திருக்கிறது. விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டையும் அந்த மதிப்புக்குக் குறைவான தொகை மேல் கணக்கிட முடியாது. கேட் இருந்த காலத்தில் உங்கள் வீதி இரண்டு ரோட்டை இணைக்கும் நடமாட்டமுள்ள வீதி. அந்தக் கணக்கில் வைத்த மதிப்பு இன்று முட்டுச்சந்தாகிவிட்ட துண்டுக்கும் அதேதான் இருக்கும். அதே சமயம் அணுகு சாலையைப் பார்த்து வாசல் வைத்தவர்களுக்கு நாளைக்கு மதிப்பு ஏறலாம். புதுப் பெயர் பதிவுத்துறை பட்டியலில் ஏறாவிட்டால், பத்திரம் பதியப் போகிற அன்று சார்பதிவாளர் பக்கத்து வீதியின் மதிப்பைக் கேட்பார். அங்கே நின்றுகொண்டு வாதாட முடியாது. ஆகவே பெயர் மாற்ற ஆணை வந்ததும் அதன் நகலோடு, இரண்டு துண்டையும் தனித்தனியாகப் பட்டியலில் சேர்த்து மதிப்பை மறுபடி பாருங்கள் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மதிப்பீட்டுத் துணைக்குழு இருக்கிறது, அங்கே போகும். இந்த ஒன்றைச் சொன்னால் சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்களும் கூட்டத்துக்கு வந்துவிடுவார்கள்.

கையெழுத்துக்கு என் யோசனை: சொத்து வரி விதிப்பு எண்ணை அலகாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எண்ணுக்கு ஒரு குரல். மூன்று ரசீது என்றால் மூன்று. கிட்டங்கி மாதிரி பிரியாத சொத்தில் வாரிசுகளில் ஒருவர் போடட்டும், மற்றவர்கள் பெயரை எதிரே எழுதி, அவர்களுக்கும் தகவல் சொன்னதைக் குறித்து வையுங்கள். வரி ரசீது இறந்துபோன மாமனார் பெயரிலேயே இருக்கிறதா, பரவாயில்லை, இப்போது குடியிருக்கும் வாரிசு போடலாம். இது சொத்தைக் கைமாற்றும் காகிதம் இல்லை, கருத்துச் சொல்லும் காகிதம். துபாயில் இருப்பவருக்குப் பவர் எல்லாம் வேண்டாம். கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பினால் இணைத்துக்கொள்ளலாம். கோயில் இடத்துக்கு அறநிலையத்துறை செயல் அலுவலரிடம் ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அவர் பதில் போடத் தாமதமானாலும் கேட்டோம் என்பதற்கு அது சாட்சி.

மாடிவீடு:

எல்லோரும் சொந்தக்காரர், வரி ரசீது என்றே பேசுகிறீர்கள். நான் திருப்பூரில் பதினெட்டு வருஷமாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுச் சொந்தக்காரர் வேறு ஊரில். அந்த முகவரி என் ஆதாரில் இருக்கிறது, ஸ்மார்ட் கார்டில் இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளிச் சான்றில் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் அந்த முகவரியில் ஒரு காகிதமும் கிடையாது, வரி ரசீதைத் தவிர. எங்கள் பக்கம் ஒரு தெருவுக்குப் பெயர் மாறியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களை மட்டும் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். வாக்காளர் பட்டியலில் முகவரியைத் திருத்தப் படிவம் 8 கொடுக்க வரிசையில் நின்றது எல்லாம் குடியிருந்தவர்கள்தான். ஆம்புலன்ஸ் வர வேண்டியதும் குடியிருப்பவர்களுக்குத்தானே? சொந்தக்காரர் கையெழுத்து ஒரு தாளில், குடியிருப்போர் கையெழுத்து இன்னொரு தாளில் என்று இரண்டையும் வாங்குங்கள் அக்கா. கடை வைத்திருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள்.

கேட்வீதிக்காரி:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. மாடிவீடு சொன்னது என் மனதில் தைத்துவிட்டது. எங்கள் வீதியில் பாதிக்கு மேல் வாடகைக் குடும்பங்கள். இரண்டு தாள் என்றே முடிவு செய்துவிட்டோம். நகராட்சி எந்தத் தாளுக்கு மதிப்பு கொடுத்தாலும் இரண்டும் போகும்.

வீடு வீடாகப் போனோம். தபால்பை ஐயா சொன்ன மாதிரி பெயரைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு தாளில் வீதியை வரைந்து, சுவர் இருக்கும் இடத்தில் தடிமனாகக் கோடு போட்டு, "இங்கே பிரிக்கலாமா?" என்று மட்டும் கேட்டோம். இதற்கு யாருமே மறுப்புச் சொல்லவில்லை. கவுன்சிலரின் கட்சிக்காரர்கள் வீட்டிலும் சரி என்றார்கள். அணுகு சாலைக்கு வாசல் திருப்பிய வீடுகளில் மட்டும் கருத்து இரண்டாக இருக்கிறது. ஒரு வீட்டம்மா, "முன்வாசல் இன்னும் கேட் வீதியில்தான் இருக்குது, மாமியார் கோலம் போடறது அங்கதான், நான் எதுக்கு அட்ரஸ் மாத்தோணும்" என்கிறார். பக்கத்து வீட்டில் முன்வாசலை அடைத்துக் கடையே கட்டிவிட்டார்கள். அவர்களுக்கு அணுகு சாலை முகவரி வேண்டும்.

தெற்குத் துண்டுக்குக் கேட் வீதி என்ற பெயரே இருக்கட்டும் என்று அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். பெயர் மாறினால் மாற வேண்டியது எங்கள் வடக்குத் துண்டுதான். இங்கேதான் எனக்கு ஆச்சரியம். பால்காரர், ஆட்டோக்காரர், சித்தாள் வேலைக்கு வருகிற பெண்கள் எல்லோரும் கேட் மூடியதிலிருந்தே இதைக் கிட்டங்கி வீதி என்றுதான் சொல்கிறார்களாம். எங்களுக்குத்தான் தெரியவில்லை. அந்தக் கிட்டங்கியில் ஒரு காலத்தில் பருத்திப் பொதி மாட்டு வண்டியில் வந்து இறங்கி, கேட் தாண்டி கூட்ஸ் ஷெட்டுக்குப் போகும் என்று எதிர்வீட்டுப் பெரியவர் சொன்னார். இன்றைக்கும் ஓட்டுக்குக் கீழே நீளமான காற்றுத் துளைகளும், வண்டி உரசி உரசித் தேய்ந்துபோன கல் முனையும் அப்படியே இருக்கின்றன. வாரிசுகளில் ஒருவரிடம் பேசினேன். அவர் குரலே மாறிவிட்டது, சந்தோஷத்தில்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். பெரியவர் ஒருவர் தாத்தா காலத்துப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். கேட் வருவதற்கு முன் இந்த வீதிக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது, அதில் சாதிப் பெயர் ஒட்டியிருக்கிறது. அதுதான் உண்மையான பெயர், அதையே கொண்டுவாருங்கள் என்கிறார். அவரை நோகடிக்காமல் எப்படிச் சொல்வது? அப்புறம், கவுன்சிலரை எதிர்த்துக்கொண்டு இதைச் செய்ய முடியுமா? அவர் கெட்டவர் இல்லை. குடிநீர்க் குழாய் விஷயத்தில் எங்களுக்காக நிறைய அலைந்தவர்.

வார்டு குரல்:

நான் ஒரு நகராட்சியில் முன்னாள் கவுன்சிலர். நீங்கள் கவுன்சிலரை எதிர்க்க வேண்டியதில்லை அம்மா. அவர் ஒரு தலைவர் பெயரைக் கையில் வைத்திருக்கிறார், அதை எங்காவது வைத்தாக வேண்டும். கட்சியில் சொல்லியிருப்பார். வீட்டு முகவரி எதுவும் தொங்கிக்கொண்டிருக்காத ஓர் இடத்தை நீங்களே அவருக்குக் காட்டுங்கள். பாலத்துக்கு அடியில் நகராட்சி பூங்காவோ, உடற்பயிற்சி இடமோ அமைக்கப் போகிறதென்றால் அது பொருத்தம். பாலத்துக்கே வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். பாலம் நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கும், நகராட்சித் தீர்மானம் மட்டும் போதாது. தலைவர் பெயர் நல்ல இடத்தில் வந்தது, வீதிக்காரர்களும் நன்றி சொன்னார்கள் என்று அவரும் மேடையில் சொல்லிக்கொள்ளலாம்.

வழிமுறை இது: மன்றத்தில் தீர்மானம், பிறகு அரசின் ஒப்புதல். வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்று கிடையாது. அதனால்தான் தீர்மானத்துக்கு முன்னாலேயே உங்கள் மனு உள்ளே போயிருக்க வேண்டும் என்கிறேன். பொருள் மன்றத்துக்கு வந்து, மேசை தட்டி முடிந்துவிட்டால் அதைத் திருப்புவது பெரும்பாடு. உங்கள் வார்டில் பகுதி சபா கூடுகிறதா பாருங்கள். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று நகரங்களில் அதை ஆரம்பித்தார்கள். கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி, வார்டில் ஒரு பகுதிக்கு அது. அங்கே இதை எழுப்பி, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். வாயால் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். மனுவை நகராட்சி ஆணையருக்குக் கொடுத்து, தேதியோடு முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். தீர்மானம் ஏற்கெனவே போய்விட்டதா என்று சந்தேகம் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் நகல் கேட்கலாம்.

மனுவில் எதிர்ப்பை மட்டும் எழுதினால் அது கோப்பின் அடியில் போய்விடும். நீங்கள் வரைந்த படம், கையெழுத்து இரண்டு தாள், நீங்கள் கேட்கும் பெயர், எல்லையின் இரண்டு முனை எல்லாம் சேர்த்துக் கொடுத்தால் அதிகாரிக்கு வேலை மிச்சம். அவரே தீர்மான வாசகத்தில் அதை எடுத்து எழுதிவிடுவார்.

சாதிப் பெயர் விஷயத்தில் தயங்கவே வேண்டாம். எம்.ஜி.ஆர். ஆட்சியிலேயே தெருப் பெயர்களில் சாதியை எடுத்தார்கள். 2025 அக்டோபரில் மறுபடியும் இருக்கிற சாதிப் பெயர்களை நீக்கச் சொல்லி அரசாணை வந்தது. இந்தச் சூழலில் புதிதாக ஒன்றை எந்த அதிகாரியும் கோப்பில் ஏற்ற மாட்டார். பெரியவரிடம், உங்கள் தாத்தா பத்திரம் பத்திரமாக இருக்கட்டும், அதில் இருக்கும் பெயரை யாரும் அழிக்கவில்லை, ஆனால் பலகையில் எழுதினால் இந்த வீதியில் பாதிப் பேர் தலை குனிந்து நடக்க வேண்டி வரும் என்று நேராகவே சொல்லுங்கள். பெரியவர்கள் புரிந்துகொள்வார்கள். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று. ஆணை வந்தபின் ஒவ்வொருவரும் ஆணையரிடம் தனித்தனிச் சான்றுக்கு அலையாதீர்கள். பழைய பெயரும் புதுப் பெயரும் ஒரே வீதியைக் குறிக்கும், கதவு எண்களில் மாற்றம் இல்லை என்று ஒரே ஒரு கடிதம் நகராட்சியிடமிருந்து வாங்கி, எல்லோரும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பேங்க், கேஸ் எல்லாம் அதை வைத்து ஓட்டலாம். உங்கள் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் மட்டும் அந்த ஆணை தேதியிலிருந்து 15 நாளுக்குள் திருத்தம் போட்டுவிடுங்கள்.

நான்கெல்லை:

"கதவு எண்களில் மாற்றம் இல்லை" என்ற வரியை விட்டுவிடாதீர்கள், அது ரொம்ப முக்கியம். வடக்குத் துண்டை 1-லிருந்து மறுபடி எண் போடுகிறோம் என்று ஆரம்பித்தால் சென்னை மாதிரி பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் சுமந்துகொண்டு திரிய வேண்டும். கிட்டங்கி வீதி 39-ல் ஆரம்பிப்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. வாசல் திருப்பிய வீடுகளை இந்த மனுவில் சேர்க்க வேண்டாம். விருப்பப்பட்டவர்கள் அணுகு சாலை முகவரிக்குத் தனியாக விண்ணப்பிக்கட்டும். கோலம் போடுகிற மாமியார் வீடு கேட் வீதியிலேயே இருக்கட்டும்.

கேட்வீதிக்காரி:

நேற்று கவுன்சிலரைப் பார்த்துப் பேசினோம். படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். 38-க்கும் 39-க்கும் நடுவே கோட்டைக் காட்டி ஆம்புலன்ஸ் வந்த கதையைச் சொன்னோம், அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. பூங்கா யோசனையைக் கட்சியில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். வரும் கூட்டத்தில் இந்தப் பொருளை வைக்காமல், பகுதி சபா முடிந்தபின் வைக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். எங்களுக்கு அது போதும்.

மனுவின் முக்கியப் பத்தியை இப்படி எழுதியிருக்கிறோம். குறை இருந்தால் திருத்துங்கள்:

"ரயில்வே கேட் வீதியில், மில் ரோடு சந்திப்பிலிருந்து தெற்கே ரயில்வே சுற்றுச்சுவர் வரையுள்ள, கதவு எண் 39 முதல் 83 வரையிலான பகுதிக்குக் கிட்டங்கி வீதி எனப் பெயரிடவும், மெயின் ரோடு சந்திப்பிலிருந்து வடக்கே ரயில்வே சுற்றுச்சுவர் வரையுள்ள பகுதி ரயில்வே கேட் வீதி என்ற பெயரிலேயே தொடரவும், கதவு எண்களை மாற்றாமல் இருக்கவும், இரு முனைகளிலும் பழைய பெயரையும் சேர்த்து எழுதிய பலகை வைக்கவும், பாலத்தின் இரு இறக்கங்களிலும் எந்த எண்கள் எந்தப் பக்கம் என்று காட்டும் வழிகாட்டிப் பலகை வைக்கவும் கேட்டுக்கொள்கிறோம். சொத்து உரிமையாளர்கள், குடியிருப்போர், கடைக்காரர்கள் ஆகியோரின் கையெழுத்துகளும் வரைபடமும் இணைக்கப்பட்டுள்ளன."

தபால்பை:

ஒரே ஒரு திருத்தம் அம்மா. பலகை வீதி முனையில் மட்டும் போதாது. சுவரை ஒட்டியும் ஒன்று வேண்டும், இரண்டு பக்கமும். தெற்குப் பக்கம் "இங்கே வழி முடிகிறது, 39 முதல் 83 வரை மில் ரோடு வழியாக" என்றும், வடக்குப் பக்கம் "1 முதல் 38 வரை மெயின் ரோடு வழியாக" என்றும் பெரிய எழுத்தில், இரவில் லைட் பட்டால் மின்னுகிற மாதிரி. நகராட்சி பலகை வரும் வரை காத்திருக்க வேண்டாம். சுவர் ரயில்வேயுடையது, அதில் எழுதாதீர்கள். 38-ஆம் எண் வீட்டுக்காரரிடம் கேட்டு அவர் மதில்மேல் ஒரு தகரத்தை இந்த வாரமே மாட்டிவிடுங்கள்.